1 மி.லி.க்கு எத்தனை சொட்டு? எந்த டிராப்பர், எந்தத் திரவம் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்

குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் இரண்டு தடுப்பு மருந்துகளை எடுத்துக்கொள்வோம். போலியோ சொட்டு மருந்து ஒரு தவணைக்கு 2 சொட்டு; அது 0.1 மி.லி. ரோட்டா வைரஸுக்கான ரோட்டாவேக் ஒரு தவணைக்கு 5 சொட்டு; அது 0.5 மி.லி. வகுத்துப் பாருங்கள். போலியோவில் ஒரு சொட்டு 0.05 மி.லி. ரோட்டாவேக்கில் ஒரு சொட்டு 0.1 மி.லி., சரியாக இரண்டு மடங்கு. இரண்டு கணக்கும் சரிதான். அந்தந்தக் குப்பிக்கென்று செய்த டிராப்பரின் நுனி அப்படி. ஒன்றின் டிராப்பரை இன்னொன்றில் மாட்டினால் எண்ணிக்கை சரியாக இருந்தும் மருந்து பாதியாகும், அல்லது இரட்டிக்கும்.

"1 மி.லி. என்றால் 20 சொட்டு" என்று எல்லோரும் சொல்கிறோம். அது பொய்யில்லை, ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. 1902இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய சர்வதேச மாநாடு மருந்து டிராப்பருக்கு ஒரு தரம் வகுத்தது: நுனியின் வெளி விட்டம் 3 மி.மீ., 15 டிகிரி செல்சியஸில் காய்ச்சி வடித்த நீர் 20 சொட்டு விழுந்தால் எடை 1 கிராம். நம் வாயில் புழங்கும் 20 இந்த நிபந்தனைகளோடு பிறந்த எண்தான். நுனி மாறினாலோ, உள்ளே இருப்பது தண்ணீர் அல்லாத வேறொன்றாக இருந்தாலோ அந்த 20 செல்லாது. இது பழைய தலைவலி. 1809இலேயே லண்டன் மருந்து நூல் சொட்டை நம்பாமல் மினிம் என்ற அலகைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் மினிம் ஒன்று ஏறக்குறைய 0.059 மி.லி. கண்ணாடிக் குழாயில் கோடு போட்டு அளக்கும் அளவு அது. எண்ணுகிற அளவு அல்ல.

சொட்டின் பருமனை எது தீர்மானிக்கிறது? நுனியில் தொங்கும் திரவத்தை மேலே பிடித்து வைத்திருப்பது பரப்பு இழுவிசை. கீழே இழுப்பது அதன் எடை. எடை மிஞ்சும் நொடியில் சொட்டு அறுந்து விழுகிறது. சொட்டின் எடை நுனியின் சுற்றளவுக்கும் பரப்பு இழுவிசைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை 1864இல் தாமஸ் டேட் சொன்னார். கணக்கிட்டே பார்க்கலாம். 3 மி.மீ. நுனி, தண்ணீரின் இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். நுனியின் சுற்றளவையும் இழுவிசையையும் பெருக்கி எடையாக மாற்றினால் சுமார் 69 மில்லிகிராம் வருகிறது. ஆனால் தொங்குவது முழுவதும் விழாது. மூன்றில் ஒரு பங்கு போல நுனியிலேயே தங்கிவிடும். மிச்சம் 46 முதல் 48 மில்லிகிராம். பிரஸ்ஸல்ஸ் கணக்கில் (20 சொட்டு 1 கிராம்) ஒரு சொட்டுக்கு வரும் 50 மில்லிகிராமுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்.

இனி அதே நுனியில் ஆல்கஹால். அதன் பரப்பு இழுவிசை 0.022தான், தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. சொட்டு சிறுத்துவிடும், 1 மி.லி.க்கு 50க்கு மேல் போகும். டிங்சர் வகைகள், ஹோமியோபதி மருந்துகள், ஸ்பிரிட் கலந்த எதுவானாலும் இதே கதைதான். தேங்காய் எண்ணெய் போன்றவற்றின் இழுவிசை 0.032ஐ ஒட்டி இருக்கும். கணக்குப்படி 1 மி.லி.க்கு 40 சொட்டுக்கு அருகில். ஆனால் எண்ணெய் பாட்டில்களின் வாய் பெரும்பாலும் அகலமாகவே இருப்பதால், நடைமுறையில் அதைவிடக் குறைந்த எண்ணிக்கை வருவதும் உண்டு. சோப்பு மாதிரியான ஒரு பொருள் துளி கலந்தால்கூட இழுவிசை சட்டென்று இறங்கும். கண் மருந்துகளில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு அந்த வகையைச் சேர்ந்தது. வெயில், குளிர் பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். தண்ணீரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயமே இல்லை: 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் இழுவிசை 4 சதவீதம் அளவில்தான் குறைகிறது. டிராப்பரைச் சாய்த்துப் பிடிப்பது அதைவிடப் பெரிய தவறு. சாய்த்தால் திரவம் நுனியின் ஒரு ஓரத்தை மட்டும் பற்றித் தொங்கும். சொட்டின் அளவு மாறிவிடும். வேகமாக அமுக்கினாலும் அப்படித்தான். டிராப்பரைச் செங்குத்தாகப் பிடித்து, நொடிக்கு ஒரு சொட்டு விடுவதுதான் முறை.

குழந்தை மருந்து: இங்கே சொட்டை எண்ணவே வேண்டாம்

வீடுகளில் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பாட்டிலில் "டிராப்ஸ்" என்று போட்டிருந்தால் சொட்டு எண்ணிக் கொடுக்க வேண்டும் என்று பொருள் இல்லை. அது அடர்த்தி கூடிய மருந்து, கூடவே மி.லி. கோடு போட்ட ஒரு டிராப்பர் வரும். அந்தக் கோடு வரை இழுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

காய்ச்சலுக்கான பாராசிட்டமாலையே பார்ப்போம். நம் ஊர்க் கடைகளில் டிராப்ஸ் என்றால் பெரும்பாலும் 1 மி.லி.யில் 100 மி.கி. சிரப் என்றால் 5 மி.லி.யில் 125 மி.கி., அல்லது 5 மி.லி.யில் 250 மி.கி. மருத்துவர்கள் வழக்கமாகக் கணக்கிடுவது குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 5 கிலோ குழந்தைக்கு 60 மி.கி. எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். டிராப்ஸில் அது 0.6 மி.லி.; 125 சிரப்பில் 2.4 மி.லி.; 250 சிரப்பில் 1.2 மி.லி. போன முறை சிரப் வாங்கியபோது கொடுத்த 2.4 மி.லி. மனதில் இருக்கிறது, இந்த முறை கையில் இருப்பது டிராப்ஸ் பாட்டில் என்றால் குழந்தைக்குப் போவது 240 மி.கி. ஒரே வேளையில் நான்கு மடங்கு. இரண்டு நாள் இப்படியே போனால் கல்லீரல் தாங்காது. அதனால் சீட்டில் மி.லி. எழுதியிருந்தாலும், எந்த அடர்த்தி என்பதைப் பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மூடியைத் திறக்காதீர்கள்.

அடுத்த தவறு எதிர்த்திசையில் நடக்கும். "0.6" என்று எழுதியதை 6 சொட்டு என்று படித்துவிடுவது. சொட்டு 0.05 என்றாலும் அது 0.3 மி.லி.தான், பாதி மருந்து. காய்ச்சல் இறங்கவில்லை என்று அடுத்த மருந்தைத் தேடுவார்கள். புள்ளியைக் கவனிக்காமல் 6 மி.லி. என்று படித்துவிட்டால் பத்து மடங்கு. சீட்டில் சொட்டுக் கணக்கு மட்டும் இருந்தால், "டாக்டர், இது எத்தனை மி.லி.?" என்று அங்கேயே கேட்டு, அதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மருந்துக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வைட்டமின் டி இன்னும் நுட்பமானது. கைக்குழந்தைக்கு வழக்கமாகச் சொல்வது நாளொன்றுக்கு 400 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு). இங்கே 1 மி.லி.யில் 400 ஐ.யு. உள்ளதும் கிடைக்கிறது, 1 மி.லி.யில் 800 ஐ.யு. உள்ளதும் கிடைக்கிறது. முன்னதில் 1 மி.லி., பின்னதில் அரை மி.லி. வெளிநாட்டிலிருந்து வரும் அக்காவோ சித்தப்பாவோ வாங்கி வரும் எண்ணெய் வகைகளில் ஒரே சொட்டில் 400 ஐ.யு. இருப்பவையும் உண்டு. அதை நம் ஊர்ப் பழக்கத்தில் 1 மி.லி. கொடுத்தால் ஒரு நாளில் 10,000 ஐ.யு.க்கு மேல் போய்விடும். 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இதற்காகவே எச்சரிக்கை விட்டது: கூட வரும் டிராப்பரில் 400 ஐ.யு.க்கு மேல் பிடிக்கவே கூடாது என்று.

இரும்புச்சத்து மருந்திலும் கம்பெனிக்குக் கம்பெனி அடர்த்தி வேறு. அரசுத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குத் தரும் சிரப்பில் 1 மி.லி.யில் 20 மி.கி. இரும்பு இருக்கிறது, வாரம் இருமுறை 1 மி.லி. அந்தப் பாட்டிலின் மூடியே 1 மி.லி. அளந்து தரும்படி செய்திருக்கிறார்கள். தாயின் கையில் கணக்கை விடாமல் மூடியிலேயே முடித்துவிட்ட நல்ல யோசனை அது.

டிராப்பரில் அளக்கும்போது சில விஷயங்கள். ரப்பரை அமுக்கிவிட்டு மருந்துக்குள் விட வேண்டும். உள்ளே விட்டு அமுக்கினால் குமிழி வரும், குமிழி இருக்கும் இடத்தில் மருந்து இருக்காது. கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். கழுவிய டிராப்பரை ஈரத்தோடு பாட்டிலுக்குள் போட்டால் தண்ணீர் உள்ளே போகும், மருந்து நாளுக்கு நாள் நீர்க்கும். ஒரு பாட்டிலின் டிராப்பரை இன்னொன்றுக்குப் பயன்படுத்தவே கூடாது. டிராப்பர் தொலைந்துவிட்டால் ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள்; 0.01 மி.லி. வரை கோடு இருக்கும். அதைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து மெதுவாக அமுக்க வேண்டும், தொண்டையை நோக்கிப் பீய்ச்சக் கூடாது. சிரிஞ்சின் நுனிமூடி சின்னது, குழந்தை தொண்டையில் சிக்கும் அளவு. கழற்றியதும் தூக்கி எறிந்துவிடுங்கள்.

வீட்டில் இன்சுலின் சிரிஞ்ச் கிடக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்சில் 40 என்ற கோடுதான் 1 மி.லி.; ஆரஞ்சு மூடி யு-100இல் 100 என்ற கோடுதான் 1 மி.லி. கோடுகள் யூனிட் கணக்கு, மி.லி. கணக்கு அல்ல. போதாததற்குப் பெரும்பாலானவற்றில் ஊசி கழற்ற முடியாதபடி ஒட்டியே இருக்கும்.

கண் மருந்து

இங்கே சொட்டுதான் அளவு, வேறு வழியில்லை. கண் மருந்து பாட்டில்களின் சொட்டு பெரும்பாலும் 0.03 முதல் 0.05 மி.லி. வரை இருக்கும். கீழ் இமைக்குள் தங்கக்கூடியது அதிகபட்சம் 0.03 மி.லி. அளவுதான். மிச்சம் கன்னத்தில் வழியும், அல்லது மூக்குக்குள் இறங்கும். ஆகவே "நன்றாக விழட்டும்" என்று இரண்டு, மூன்று விடுவதில் பயனில்லை. ஒன்று சரியாக விழுந்தால் போதும். இரண்டு வேறு மருந்து என்றால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள்; இல்லையென்றால் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.

5 மி.லி. பாட்டில் எத்தனை நாள் வர வேண்டும் என்பதைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வது நல்லது. சொட்டு 0.04 என்றால் 125 சொட்டு. இரண்டு கண்ணுக்கும் காலை மாலை என்றால் நாளைக்கு 4. பாட்டில் ஒரு மாதம் வர வேண்டும். பதினைந்து நாளில் தீர்ந்தால் பாதி மருந்து கன்னத்துக்குப் போகிறது என்று பொருள். குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கு இது பணப் பிரச்சினை மட்டுமல்ல. அடுத்த பாட்டில் வாங்கும்வரை சில நாள் மருந்தே இல்லாமல் போகும். மறுபக்கம், ஒரு மாதம் கடந்தும் மிச்சம் இருந்தால் பெரும்பாலான பாட்டில்களைத் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்த தேதியைப் பேனாவால் லேபிளிலேயே எழுதி வையுங்கள்.

டிரிப்ஸ்

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏறும்போது கணக்கு தெளிவாக இருக்கும், ஏனென்றால் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பது செட்டின் (பாட்டிலிலிருந்து கைக்கு வரும் சொட்டுக் குழாயின்) உறையிலேயே அச்சாகி இருக்கும். சாதாரண மேக்ரோ செட் பெரும்பாலும் 20. 15, 10 உள்ளவையும் உண்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட் 60. மொத்த மி.லி.யைச் செட்டின் எண்ணால் பெருக்கி, மொத்த நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கிடைக்கும். 500 மி.லி.யை 6 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், செட் 20 என்றால்: 10,000ஐ 360ஆல் வகுக்க 27.8. ஆக 28 சொட்டு.

நர்சுகள் இதை இவ்வளவு நீட்டுவதில்லை. மணிக்கு எத்தனை மி.லி. என்று தெரிந்தால், 20 செட்டுக்கு 3ஆல் வகுத்தால் போதும். 15க்கு 4ஆல், 10க்கு 6ஆல். மைக்ரோ செட்டுக்கு வகுக்கவே வேண்டாம்: மணிக்கு 40 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 40 சொட்டு.

தவறு நடப்பது செட் மாறும்போது. 28 சொட்டு என்று எழுதி வைத்தது மேக்ரோவுக்கு. ஷிஃப்ட் மாறி, செட் மாறி, மைக்ரோவில் அதே 28 ஓடினால் மணிக்கு 28 மி.லி.தான் போகும், 6 மணி நேரத்தில் முடிய வேண்டிய பாட்டில் 18 மணி நேரம் இழுக்கும். நோயாளிக்கு நீர் போதாது. இதற்கு நேர்மாறாக, மைக்ரோவுக்கு எழுதிய எண்ணை மேக்ரோவில் ஓட்டினால் மூன்று மடங்கு வேகம். கைக்குழந்தைக்கும் இதய நோயாளிக்கும் அது உயிருக்கே ஆபத்து. அதனால் சார்ட்டில் சொட்டு மட்டும் எழுதாமல், மணிக்கு எத்தனை மி.லி. என்பதையும் சேர்த்து எழுதுவதுதான் பாதுகாப்பு.

ஒருமுறை சரிசெய்துவிட்டால் அப்படியே ஓடும் என்றும் நம்ப முடியாது. நோயாளி கையை மடக்கினால் நிற்கும், கட்டிலை உயர்த்தினால் குறையும், பாட்டிலில் மட்டம் இறங்க இறங்க மெல்லத் தளரும், ரோலரும் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குழாயில் இருக்கும் உருளை) தானாகக் கொஞ்சம் நழுவும். அவ்வப்போது ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். பாட்டிலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, எந்த மணிக்கு எந்த மட்டம் இருக்க வேண்டும் என்று கோடு போட்டு வைப்பது பழைய வழக்கம். இன்றைக்கும் அதைவிட எளிய சோதனை இல்லை. துணைக்கு இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நின்றாலோ வேகமாக ஓடினாலோ சிஸ்டரைக் கூப்பிடுங்கள், ரோலரைத் தொடாதீர்கள். அந்தப் பாட்டிலில் பொட்டாசியம் கலந்திருந்தால், வேகமாக ஏறுவது இதயத்தையே நிறுத்தும்.

உங்கள் டிராப்பரை நீங்களே அளக்க

மருந்து அல்லாத வேலைகளுக்கு, அதாவது எண்ணெய், வாசனைத் திரவம், செடி மருந்து, மீன் தொட்டி மருந்து இவற்றுக்குச் சொட்டுக் கணக்கு வேண்டுமென்றால், டிராப்பரை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளலாம். தண்ணீரை வைத்து அளக்காதீர்கள். எந்தத் திரவத்துக்கு வேண்டுமோ அதையே விட்டு அளக்க வேண்டும்.

நகை எடை பார்க்கும் சிறு தராசு, 0.01 கிராம் காட்டுவது, இருந்தால் நல்லது. உலர்ந்த சின்னக் கிண்ணத்தை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கிண்ணத்தைத் தராசிலிருந்து எடுத்துவிடுங்கள். டிராப்பரைச் செங்குத்தாகப் பிடித்து, நொடிக்கு ஒன்றாக 50 சொட்டு விடுங்கள். மறுபடி எடை போடுங்கள். தராசின் மேலேயே வைத்துச் சொட்டு விட்டால் என்ன என்று தோன்றும். விலை குறைந்த தராசுகள் பூஜ்யத்துக்கு அருகில் மெதுவாக ஏறும் எடையைத் தாமாகவே அழித்துவிடும்; முதல் சில சொட்டுகள் கணக்கிலேயே வராது. அதற்காகத்தான் எடுத்து வைத்து விடச் சொல்வது.

கிடைத்த எடையைத் திரவத்தின் அடர்த்தியால் வகுத்தால் மி.லி. தண்ணீருக்கு 1, தேங்காய் எண்ணெய்க்கும் வேப்பெண்ணெய்க்கும் 0.92, கிளிசரினுக்கு 1.26. எடுத்துக்காட்டாக, வேப்பெண்ணெய் 50 சொட்டு 1.38 கிராம் வந்தால் 1.5 மி.லி.; ஒரு சொட்டு 0.03; 1 மி.லி.க்கு 33 சொட்டு. மூன்று முறை செய்யுங்கள். மூன்றும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் கை சாய்கிறது, அல்லது நுனிக்கு வெளியே எண்ணெய் ஏறி ஒட்டியிருக்கிறது. துடைத்துவிட்டுத் திரும்ப எண்ணுங்கள்.

தராசு இல்லையென்றால் ஊசி இல்லாத சிரிஞ்சே போதும். சிறு கிண்ணத்தில் 40 சொட்டு விட்டு, கிண்ணத்தைச் சாய்த்து முழுவதையும் சிரிஞ்சில் இழுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, அடைப்பானின் முன் விளிம்பு எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கிண்ணத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். எண்ணெயில் இந்தப் பிழை அதிகம்.

மாடித்தோட்டக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. என்றால் அதை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், 5 மி.லி. சிரிஞ்சில் இழுத்துவிடலாம். கடைப் பூச்சிக்கொல்லிகளில் லிட்டருக்கு 0.3 மி.லி. என்பது போல எழுதியிருக்கும்போதுதான் "20 சொட்டு 1 மி.லி., ஆக 6 சொட்டு" என்ற கணக்கு தலைகாட்டும். அவற்றில் தண்ணீரோடு கலக்கவும் இலையில் பரவவும் சேர்த்த பொருள்கள் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால், 6 சொட்டில் 0.3 மி.லி. வராது, பூச்சியும் சாகாது. சாகவில்லையே என்று கை போன போக்கில் ஊற்றினால் கீரையில் நஞ்சு தங்கும். 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி, மேலே சிவப்பு மையால் "செடி மருந்து" என்று எழுதி, மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில்கூட வைக்காமல் தனியே பூட்டி வையுங்கள்.

அளந்த எண்ணையும் தேதியையும் திரவத்தின் பெயரையும் சேர்த்து டிராப்பர் பாட்டிலின் மேலேயே ஒட்டிவிடுங்கள்: "வேப்பெண்ணெய், 33 சொட்டு 1 மி.லி." ரப்பரை மட்டும் மாற்றினால் அந்த எண் செல்லும். கண்ணாடிக் குழாயை மாற்றினாலோ நுனி உடைந்தாலோ மறுபடி எண்ண வேண்டும்.